நாக்கடியில் கரையும் மாத்திரை

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது நீர்காத்த அய்யனார் கோவில். ஆற்றில் வெள்ளம் வந்தால் வனத்துறை வழியை அடைத்துவிடும். மற்ற நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரையுள்ள ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குளித்து, பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். தென்மாவட்டங்களில் ஊரைக் காக்கிற சாமிதான் வாக்குக்கும் சாட்சி. குடியை விடவேண்டியவரை அய்யனார், கருப்பசாமி, முனீஸ்வரன் என்று யாராவது ஒரு காவல் தெய்வத்தின் முன் நிறுத்தி, சத்தியம் வாங்கி, கையில் கயிறு கட்டிவிடுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கயிறு செய்கிற வேலையைக் கவனித்தால் கொஞ்சம் மரியாதை வரும். கயிற்றைப் பார்த்த கூட்டாளி ஊற்றிக் கொடுக்கத் தயங்குவான். மாமன் மச்சான் முன்னால் மறுப்பதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைக்கும். வீட்டில் இருப்பவர்கள் இன்னொரு தடவை நம்பிப் பார்ப்பார்கள். போதை மருத்துவம் படித்தவர்கள் ‘ஆதரவு’ என்று சொல்வதில் பாதி இதில் அடங்கிவிடும்.

மீதிப் பாதி உடம்பில் இருக்கிறது. அபின், அதிலிருந்து எடுக்கும் மார்ஃபின், மார்ஃபினிலிருந்து வரும் ஹெராயின், ஆலையில் செய்யும் வலி மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். மூளையில் உட்காரும் இடமும் ஒன்றே. மாதக்கணக்கில் பழகிய உடம்புக்கு ஒருநாள் கிடைக்காவிட்டால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றைப் பிசையும் வலி, பேதி, தூக்கமின்மை என்று வரிசையாக வரும். இரண்டு மூன்று நாளில் அது உச்சம் தொடும். குடியைத் திடீரென்று நிறுத்தும்போது வருகிற ஜன்னி உயிரையே எடுக்கலாம். அபின் குடும்பத்து வேதனை பெரும்பாலும் அப்படிக் கொல்வதில்லை. ஆனால் ஆளைப் பழைய இடத்துக்கே இழுத்துவரும். சில வாரம் விட்டிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால், தாங்கும் சக்தி குறைந்துபோன உடம்பில் மூச்சு நின்றுவிடும். சாவு அதிகம் நடப்பது அங்கேதான். இந்த உடம்புக்குக் கயிறு மட்டும் போதாது, அளந்து கொடுக்கிற மருந்து வேண்டும் என்பது இன்று மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். அந்த மருந்து இந்தியாவில் யாருக்கு, எப்போது, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பார்த்தால் அரசின் மனசு தெரியும்.

அபின் நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் பேதிக்கும் வலிக்கும் சுத்தி செய்து சேர்க்கிற சரக்கு அது. கசகசாவை இன்றும் குருமாவுக்கு அரைக்கிறோம். அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். வெள்ளைக்காரன் வந்தபின் அது கஜானாச் சரக்கானது. கங்கைக் கரையில் காஜிப்பூர் ஆலை 1820-லிருந்து சீனாவுக்கு அபின் பெட்டிகளை அடைத்து அனுப்பியது. 1857-ஆம் ஆண்டுச் சட்டம் வங்காளத்துச் சாகுபடியைக் கட்டுப்படுத்தியது. 1878-ஆம் ஆண்டின் அபின் சட்டம், யார் விற்கலாம், ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை போலவே அபின் கடையும் ஏலத்துக்கும் உரிமத்துக்கும் உட்பட்டது.

இங்கிலாந்தில் பாதிரிமாரும் மதுவிலக்குக்காரர்களும் கூச்சல் போட்டதால் 1893-இல் ராயல் அபின் கமிஷன் வந்தது. பிராஸி பிரபு தலைவர். நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்து 1895-இல் அது சொன்ன தீர்ப்பு: இந்தியர்கள் பெரும்பாலும் அளவோடுதான் சாப்பிடுகிறார்கள், தடை தேவையில்லை. உறுப்பினர்களில் ஹென்றி வில்சன் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் தனியாக எழுதிவைத்தார். கமிஷன் முழுப் பொய் சொல்லவில்லை. அளவோடு உண்டவர்கள் நிறையவே இருந்தார்கள். ஆனால் வருமானம் பார்க்கிற கை எழுதிய தீர்ப்பு அது என்பதை மறைக்கவும் முடியாது.

சென்னை மாகாணத்தின் தமிழ்ப் பகுதிகளில் அபின் பழக்கம் ஒப்பீட்டளவில் குறைவு. மாகாணத்தில் பேர்போன இடம் கோதாவரி வட்டாரம். மலேரியாக் காய்ச்சலுக்கு அபின் காப்பு என்று அங்கே நம்பினார்கள். 1920-களில் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஒரு அளவுகோல் வைத்தது. 10,000 பேருக்கு ஆண்டுக்கு 6 சேர் அபின் மருத்துவத் தேவைக்குப் போதும். அதைத் தாண்டி ஓடுகிற இடத்தில் கேள்வி கேட்கவேண்டும். அதே காலத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர்.என். சோப்ரா, அபின் உண்பவர்களை ஆள் ஆளாக விசாரித்து, வலி, இருமல், வயிற்றுப்போக்கு என்று நோயில் தொடங்கிப் பழக்கத்தில் முடிந்த கதைகளைப் பதிவு செய்தார். இந்த வரலாற்றில் பாதிக்கப்பட்டவனை நோயாளியாக உட்காரவைத்துக் கேட்ட முதல் சிலரில் அவர் ஒருவர்.

சுதந்திரத்துக்குப் பின் 1949-இல் மத்திய, மாநில அரசுகள் கூடி, மருந்துக்கல்லாத அபின் விற்பனையைப் பத்தாண்டில் படிப்படியாக ஒழிப்பது என்று முடிவெடுத்தன. 1959-இல் கெடு முடிந்தது. ஆனால் பழக்கத்துக்கு ஆளாகி முதுமை அடைந்தவர்களை என்ன செய்வது? மருத்துவச் சான்றோடு பெயர் பதிந்துகொண்டவர்களுக்கு அளந்து கொடுக்கும் ஏற்பாடு தொடர்ந்தது. பதிவேட்டில் பெயர், கடையில் அளவு, அதற்கு மேல் கிடையாது. இது சிகிச்சை இல்லை. ஆலோசனை கிடையாது, பின்தொடர்தல் கிடையாது. ஆனாலும், விடமுடியாத ஆளுக்கு அளவாகக் கொடுப்பது குற்றமில்லை என்ற எண்ணம் இந்த நாட்டுச் சட்டத்தில் அப்போதே இருந்தது. மாற்று மருந்துச் சிகிச்சையை ‘வெளிநாட்டு இறக்குமதி’ என்று திட்டுபவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அந்த இறக்குமதிக் கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. ராக்பெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1964-இல் ஹெராயினில் விழுந்தவர்களுக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்தைத் தினமும் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சரக்கைத் தேடி அலைவதே முழுநேர வேலையாக இருந்தவர்கள் படிக்கப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1966-இல், இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனத்தில் ஜான் லூயிஸ் குழு, அபினில் உள்ள தீபெய்ன் என்ற பொருளிலிருந்து பியூப்ரெனார்ஃபினை உருவாக்கியது. அவர்கள் தேடியது வலி மருந்து. 1978-இல் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ஜசின்ஸ்கி, இது போதை சிகிச்சைக்கும் ஆகும் என்று காட்டினார்.

பியூப்ரெனார்ஃபின் ஒரு விசித்திரமான மருந்து. மூளையில் ஹெராயின் உட்காரும் அதே இடத்தில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். அளவைக் கூட்டினாலும் ஒரு மட்டத்துக்கு மேல் போதையும் ஏறாது, மூச்சும் பெரிதாக அடங்காது. உடம்பு வேதனைப்படாத அளவுக்குக் கொடுக்கும். மேலே ஹெராயின் போட்டால் பழைய வேகம் தெரியாது. விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும் என்பதால் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடம் பேசாமல் உட்காரவேண்டும், அவ்வளவுதான்.

சென்னைக்கு முதலில் வந்தது இந்த மருந்தல்ல, நோய்தான். 1979-இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. மேற்கே போய்க்கொண்டிருந்த ஹெராயினில் ஒரு பகுதி தெற்கே திரும்பியது. 1980-களின் தொடக்கத்தில் பம்பாய், டில்லி, சென்னைத் தெருக்களில் ‘பிரவுன் சுகர்’ என்ற மட்டரக ஹெராயின் இறங்கியது. வெள்ளித்தாளில் போட்டு, அடியில் தீக்குச்சி காட்டி, எழும் புகையை இழுப்பார்கள். தெருவில் அதற்குப் பேர் பவுடர். 1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. பழைய சட்டங்களின் சில்லறைத் தண்டனை போய், பத்தாண்டுச் சிறை வந்தது. அபினைவிட ஹெராயின் சின்னது, ஒளிக்க எளிது. தண்டனை ஒன்றாக இருக்கும்போது வியாபாரி எதைக் கடத்துவான் என்று சொல்லத் தேவையில்லை.

சிகிச்சைக்கு அப்போது சென்னையில் போக்கிடம் குறைவு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்றால் ஊர் சிரிக்கும். அந்த இடைவெளியில் நின்றவர் சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த அவர் 1980-இல் கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அதிலிருந்து அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை வளர்ந்தது. நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைக்கிற முறையை அங்கே உறுதியாகக் கடைப்பிடித்தார்கள். 1980-களின் இறுதியில் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடிக்குப் போய், ஊரையே ஆஸ்பத்திரியாக்கி முகாம் போட்டார்கள். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே முக்கியம் முழு விலகல். குடிக்கு அது பலருக்குப் பலன் தந்தது. பவுடர் போடுகிறவர்கள்தான் நாடெங்கும் மையங்களை விட்டு வெளியே போவதும் சில வாரத்தில் திரும்பி வருவதுமாக இருந்தார்கள்.

பிறகு 1990-கள். சென்னைக் கதையில் விசித்திரமான திருப்பம் இங்கேதான். பவுடர் விலை ஏறியது, தட்டுப்பாடும் வந்தது. மருந்துக்கடையில் வலிக்கு விற்கிற பியூப்ரெனார்ஃபின் ஊசி மலிவாகக் கிடைத்தது. டிடிஜெசிக் என்ற வணிகப் பெயர் வடசென்னைத் தெருவில் சாதாரணமாகப் புழங்கியது. அதோடு அவில், டயசிபாம் மருந்துகளைக் கலந்து நரம்பில் ஏற்றினார்கள். ஒரே சிரிஞ்சு கைமாறும். நரம்பு கெட்டு, தொடையிலும் கையிலும் சீழ்க்கட்டி புறப்படும். பேண்டேஜ் துணியும் டிஞ்சரும் எடுத்துக்கொண்டு தெருவிலேயே புண் கட்டுவதுதான் களப்பணியாளர்களின் முதல் வேலையானது. சஹாய் டிரஸ்ட் போன்ற அமைப்புகளில், முன்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களே அந்தக் களப்பணியைச் செய்தார்கள். புண் கட்ட வந்தவரிடம்தான் ஊசி போடுகிறவர் வாய் திறந்து பேசினார்.

மற்றொன்று கண்ணுக்குத் தெரியாமல் பரவியது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான்: 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டார்கள். அவர்கள் சோதித்தது பாலியல் தொழிலாளர்களின் ரத்தம். ஊசி வழியான பரவல் கணக்குக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 2003-ஆம் ஆண்டுக் கண்காணிப்பில் சென்னையில் ஊசி போடுபவர்களிடையே தொற்று 60 விழுக்காட்டைத் தாண்டி நின்றது. சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. மையம் 2005-06-இல் 1,158 பேரைச் சேர்த்துத் தொடர் ஆய்வு தொடங்கியபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி., பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சி. கணக்கெடுத்த முறைகள் வேறு என்பதால் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட முடியாது. இரண்டுமே பயமுறுத்தின.

அந்த பயம்தான் மருந்தைக் கொண்டுவந்தது. டில்லியில் எய்ம்ஸ் மருத்துவர்களும் ‘ஷரண்’ என்ற தொண்டு நிறுவனமும் 1993 வாக்கிலேயே நாக்கடி மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தெருவில் ஊசியாக ஏறுகிற அதே பியூப்ரெனார்ஃபினை மாத்திரையாகக் கொடுப்பதா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பதில் மருந்தின் பெயரில் இல்லை. அளவு, வழி, கொடுக்கிற ஆள் மூன்றிலும் இருந்தது. நரம்பில் ஏறும்போது சில நொடியில் சுழற்றுகிற பொருள், நாக்கடியில் மெதுவாகக் கரையும்போது ஆளை நிலையாக நிற்கவைக்கிறது. தினமும் ஒரே நேரம், நர்ஸ் கண்ணெதிரே.

2007-இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் இப்படி மாத்திரை கொடுக்கும் மையங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு அவை அரசு மருத்துவமனைகளுக்குள்ளும் நுழைந்தன. மாத்திரையைப் பொடித்து நாக்கடியில் கொட்டி, கரையும்வரை உட்காரவைப்பார்கள். வாயில் ஒளித்துவைத்து வெளியே விற்றுவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை. பக்கத்து அறையில் ஆலோசகர், காசநோய்ப் பரிசோதனை, புண் மருந்து. வராதவரைத் தேடிக்கொண்டு களப்பணியாளர் போவார். 2012-இல் எய்ம்ஸ் வழிகாட்டுதலில் மெத்தடோனும் சில ஊர்களில் சோதனையாகத் தொடங்கியது.

நல்ல ஏற்பாடு, ஆனால் வாசல் குறுகியது. எய்ட்ஸ் திட்டத்தின் காசு என்பதால் ஊசி போடுகிறவருக்குத்தான் இடம். பவுடரைப் புகையாக இழுக்கிறவர், மாத்திரையை விழுங்குகிறவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். நோயாளியின் வேதனை போதவில்லை, கிருமி வேண்டியிருந்தது. அன்று அபின் கடையை வருமானத்துக்காகத் திறந்த அரசு, பின்னால் இந்த மையத்தை ரத்தத்துக்குப் பயந்து திறந்தது. ஆளுக்காகத் திறந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு நாடுகள் இதே மாத்திரையை வேறு விதமாக நடத்தின. பிரான்ஸ் 1996 முதல் சாதாரண மருத்துவர்களே எழுதிக்கொடுக்க வழிசெய்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஹெராயின் மிகை அளவுச் சாவுகள் செங்குத்தாகக் குறைந்தன. தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் தனியார் மருத்துவர்கள் சபூடெக்ஸ் என்ற பெயரில் இதைக் கொடுத்தார்கள். அது கரைத்து ஊசியாக ஏறத் தொடங்கியதும் 2006 ஆகஸ்டில் அரசு அதை ஹெராயினுக்குச் சமமான வகையில் சேர்த்து மூடிவிட்டது. பக்கத்து மலேசியா 2005-இல் மெத்தடோன் மையங்களைத் தொடங்கி விரிவாக்கியது. அதே 2005-இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் பியூப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூர்ப் பாடத்தை அலட்சியம் செய்யக்கூடாது. கண்காணிப்பு இல்லாமல் பை நிறையக் கொடுத்தால் எந்த மருந்தும் தெருவுக்குப் போகும். அதற்கு ஒரு தடுப்பாக நலாக்சோன் சேர்ந்த மாத்திரை உண்டு: நாக்கடியில் வைத்தால் நலாக்சோன் சும்மா இருக்கும், கரைத்து ஊசி போட்டால் வேதனையைக் கிளப்பும்.

‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதை’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இன்சுலின் போடுகிறவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அடிமைத்தனம் என்பது பொருள் உடம்பில் இருப்பது மட்டுமல்ல. அதைத் தேடித் திருடுவது, பொய் சொல்வது, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவது. காலையில் மாத்திரை வைத்துவிட்டு லோடு அடிக்கப் போகிறவரை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சிலருக்கு ஒன்றிரண்டு ஆண்டு, சிலருக்கு அதைவிடப் பல மடங்கு. குறைப்பது மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து முடிவு செய்யவேண்டிய விஷயம். மாமியார் முடிவு செய்கிற விஷயம் அல்ல.

இன்றைய கதை தெருவிலிருந்து மருந்துக்கடைக்கு மறுபடி வந்திருக்கிறது. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 2.06 விழுக்காட்டினர், அதாவது சுமார் 2.26 கோடிப் பேர், அபின் வகைப் பொருள் எதையாவது பயன்படுத்தியிருந்தார்கள். ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. 2018 ஏப்ரலில் டிரமடோல் என்ற வலி மாத்திரை போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. தமிழ்நாட்டில் அதன் இடத்துக்கு டபென்டடால் வந்தது. காவல்துறை அட்டை அட்டையாகப் பிடிக்கிறது. தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றிய செய்தி சென்னையோடு நிற்கவில்லை. வலி மாத்திரை என்று பேர் இருப்பதால் வீட்டில் சந்தேகம் வருவதும் தாமதம்.

2014-இல் திருத்தப்பட்ட சட்டம் போதைக்கு ஆளானவர்களின் சிகிச்சையோடு ‘மேலாண்மை’ என்பதையும் சேர்த்தது; மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசிய போதை மருந்துகளாக வகைப்படுத்தி உரிமச் சிக்கலைக் குறைத்தது. தமிழ்நாடு அரசு 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. வாசலை அகலமாக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. ஆனால் தினமும் மருந்து வாங்கவேண்டிய ஒருவர் பஸ் பிடித்து அடுத்த ஊர் மையத்துக்குப் போய்வர அரைநாள் ஆகும் என்றால் எத்தனை நாள் போவார்? மில் ஷிப்டில் இருக்கிறவருக்கு அரைநாள் என்பது அரைநாள் கூலி. தாலுகா ஆஸ்பத்திரிகள்வரை மாத்திரை போய்ச்சேர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அளவுள்ள ஊர்கள் மாவட்டத் தலைநகரை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு உண்டு. 64-ஏ. சொந்தப் பழக்கத்துக்காகச் சிறிய அளவு வைத்திருந்த வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். போலீஸ் பயத்தால் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைக்கிற பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பூட்டிவைத்து வேதனையில் தள்ளி, ‘விட்டுட்டான்’ என்று நம்பி வெளியே விட்ட மறுவாரம்தான் அதிக ஆபத்து. சாமி முன் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுங்கள், தவறில்லை. அதே கையோடு 14446 என்ற கட்டணமில்லா எண்ணுக்கும் பேசிவிடுங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.